மண் பூச்சு: சுவரில் கை வைக்கும் முன் கேட்கிற கேள்விகள்

செங்கத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மண் வீடு இருக்கிறது. பச்சைச் செங்கல்லால், அதாவது சூளையில் வேகாமல் வெயிலில் மட்டும் காய்ந்த மண் கல்லால் கட்டியது. உள்ளும் புறமும் மண்ணாலேயே பூசினோம். மண் வேலையிலேயே வளர்ந்த பெரியம்மா ஒருவரும், வயதான கொத்தனார் ஒருவரும் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே சில கேள்விகளைக் கேட்பார்கள். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மண் பூச்சில் என்னென்ன இருக்கிறது?

களி, மணல், நார், தண்ணீர். களி ஒட்டுகிறது. மணல் உடம்பு கொடுக்கிறது, காயும்போது சுருங்காமல் பார்த்துக்கொள்கிறது. வைக்கோல், உமி மாதிரியான நார் கலவையைக் கட்டி இழுத்துப் பிடிக்கிறது. சாணம் சேர்த்தால் குழைவு கூடும், காய்ந்த பிறகு தண்ணீரையும் கொஞ்சம் தாங்கும்.

சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, பழைய நிலைக்குத் திரும்பாது. களி வெறுமனே காய்ந்து இறுகுகிறது. மறுபடி நனைத்தால் மறுபடி குழையும். மண் பூச்சின் சுலபமும் அதன் கஷ்டமும் இந்த ஒரு குணத்திலிருந்துதான் வருகின்றன.

என் நிலத்து மண்ணே போதுமா, வெளியிலிருந்து வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் உங்கள் மண்ணே போதும். ஆனால் மேல்மண்ணை எடுக்காதீர்கள். அதில் வேரும் மக்கும் கலந்திருக்கும், பயிருக்குத்தான் அது நல்லது. ஒன்று, ஒன்றரை அடி விலக்கிவிட்டு அதற்குக் கீழே இருப்பதை எடுங்கள். அடித்தளத்துக்குத் தோண்டிய மண் குவிந்து கிடந்தால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் பாட்டில் சோதனை. நேராக நிற்கும் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படியும். அடுத்த சில மணி நேரத்தில் வண்டல் படியும். களி இறங்க ஒரு நாளாவது ஆகும். மறுநாள் பாட்டிலைப் பார்த்தால் உங்கள் மண்ணில் எது எவ்வளவு என்று பட்டை பட்டையாகத் தெரியும். ஈரத்தில் களி உப்பி நிற்பதால் அதன் பட்டை கொஞ்சம் கூடுதலாகவே காட்டும் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கைச் சோதனை. சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, விரல் கனத்தில் திரியாக உருட்டுங்கள். உருட்டும்போதே பொடிந்துபோனால் களி போதாது. ஒரு சாண் நீளத் திரியைத் தூக்கிப் பிடித்தும் அறுந்துபோகாமல் தொங்கினால் களி நிறைய இருக்கிறது, மணல் சேர்க்க வேண்டியிருக்கும். எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றையும் உருட்டிக் காயவையுங்கள். காய்ந்ததை விரலால் நசுக்கினால் மாவாக உதிர்கிறதா, கல்லாக நிற்கிறதா என்று பாருங்கள். பெரியம்மாவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தார். "வழுக்குது, ஆனா பல்லுல மணல் கடிக்கிற மாதிரி ஒரு நறநறப்பும் இருக்கு. நல்ல மண்ணு கண்ணு" என்றார். பாட்டிலும் மறுநாள் அதையே சொன்னது.

தொடவே கூடாதது உவர் மண். உப்பு, பூச்சுக்குள்ளிருந்து படிகமாகி வெளியே வந்து மேல்தோலை உரித்துவிடும். கலவைக்கும் உப்புத் தண்ணீர் வேண்டாம்.

எங்களுடையது கரிசல் மண். அதில் பூசலாமா?

நான் பூசமாட்டேன். கரிசலில் இருக்கும் களி தண்ணீரை உறிஞ்சி வெகுவாக உப்பும், காய்ந்தால் அதே அளவுக்குச் சுருங்கும். கோடையில் கரிசல் காடு கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், சுவரிலும் அதுதான் நடக்கும். மணலை அள்ளிப் போட்டு அதை அடக்கப் பார்ப்பதைவிட இரண்டு வண்டி செம்மண் வாங்கிக்கொள்வது மேல்.

புற்று மண் சேர்த்தால் நல்லதாமே?

கரையான் புற்று மண் பொடியாகவும் ஒட்டுப் பிடிப்போடும் இருக்கும், அதனால்தான் பழைய ஆட்கள் அதைத் தேடிப் போனார்கள். கடைசிப் பூச்சுக்குக் கைவிட்டுப் போன புற்றிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். வாழ்கிற புற்றை இடிக்க வேண்டாம். உள்ளே பாம்பு இருக்கலாம், தவிர ஊரில் பாதிப் புற்று கும்பிடுகிற புற்று.

மண்ணும் மணலும் என்ன விகிதம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். "1-க்கு 2" என்று சொல்லிவிட்டால் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். ஆனால் அது எங்கள் மண்ணின் விகிதம், உங்கள் மண்ணுக்கு அது 1-க்கு 1 ஆகவும் இருக்கலாம், 1-க்கு 3 ஆகவும் இருக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரே வழி, சுவரிலேயே சதுரம் பூசிப் பார்ப்பது. ஒரு அடிக்கு ஒரு அடி, பூசப்போகும் அதே கனத்தில், அதே சுவரில். 1-க்கு 1, 1-க்கு 1½, 1-க்கு 2, 1-க்கு 3 என்று நாலு சதுரம், எல்லாவற்றிலும் வைக்கோல் ஒரே அளவு. பக்கத்திலேயே ஆணியால் விகிதத்தைக் கீறி வையுங்கள், இரண்டு நாளில் எது எது என்று மறந்துபோகும். நிழலில் நன்றாகக் காயட்டும். பிறகு மூன்று விஷயம் பாருங்கள். விரிசல் விட்டிருக்கிறதா? உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் மணல் கொட்டுகிறதா? விரல் முட்டியால் தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம் கேட்கிறதா? விரிசல் விட்டால் களி அதிகம், கொட்டினால் மணல் அதிகம், பொள்ளல் கேட்டால் பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் பதினோரு சதுரம் பூசினோம். 1-க்கு 1 சதுரம் காய்ந்த குளத்துச் சேறு மாதிரி வெடித்தது. 1-க்கு 3 சதுரத்தில் கை வைத்தால் கை நிறைய மணல். 1-க்கு 2-ல், அரைப் பங்கு நறுக்கிய வைக்கோலோடு, ஒரு கீறல்கூட இல்லை. இதற்கு ஒரு வாரம் போனது. வீட்டார் பொறுமை இழந்தார்கள்தான். ஆனால் அந்த வாரத்தை மிச்சப்படுத்தப் போய் முழுச் சுவரையும் சுரண்டி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வைக்கோல், சாணம் இரண்டும் கட்டாயமா?

முதல் பூச்சுக்கு வைக்கோல் கட்டாயம் என்பேன். இரண்டு மூன்று விரல்கடை நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். நெல் வைக்கோலில் சிலிக்கா இருப்பதால் சீக்கிரம் மக்காது. கடைசிப் பூச்சுக்கு உமியோ, சலித்த பொடி வைக்கோலோ போதும்.

சாணம் உங்கள் விருப்பம். பசுவின் வயிற்றில் ஏற்கெனவே அரைபட்ட நுண்ணிய நார் அதில் இருக்கிறது, கூடவே பசைத்தன்மையும் உண்டு. எங்கள் பூச்சில் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு போட்டோம், கரணை வெண்ணெயில் போவது மாதிரி போனது. சாணப் பூச்சு கதிர்வீச்சைத் தடுக்கும் என்றெல்லாம் சொல்வார்கள், அதற்காகச் சேர்க்க வேண்டாம். வேலைக்கு உதவுகிறது, அந்தக் காரணம் போதும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். சாணத்திலும் மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும்.

கலவையை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும்?

மண்ணை மட்டும் என்றால் ஓர் இரவாவது ஊற வேண்டும், கட்டிகள் தானாகக் கரையும். வைக்கோலும் சாணமும் போட்டு மிதித்த கலவையை ஒரு வாரம், பத்து நாள் புளிக்கவைத்தால் இன்னும் நல்லது. வைக்கோல் மெத்தென்று ஆகிக் களியோடு ஒன்றிவிடும். நாற்றம் வரும், சொல்லிவிடுகிறேன். பூசிக் காய்ந்ததும் நாற்றம் போய்விடும். ஜப்பானில் பழைய முறையில் மண் சுவர் பூசுகிறவர்களும் மண்ணையும் வைக்கோலையும் இப்படித்தான் மாதக்கணக்கில் ஊறவைக்கிறார்கள்.

பூசுவதற்கு முன் சுவரை என்ன செய்ய வேண்டும்?

இங்கேதான் நான் வசமாக மாட்டினேன். கிணற்றடிப் பக்கத்துச் சிறிய சுவரை முதலில் எடுத்துக்கொண்டோம். கலவை அருமையாக வந்திருந்தது. சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு மடமடவென்று பூசினேன். நாலாம் நாள் காலையில் தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்றது. விளிம்பில் கரணையைக் கொடுத்து நெம்பினதும் கதவு அகலத்துக்கு ஒரே ஏடாகக் கழன்று விழுந்தது. பின்பக்கம் புரட்டிப் பார்த்தேன். மாவு மாதிரி ஒரு தூசுப் படலம், அதற்கு மேல் என் பூச்சு. கல்லைத் தொடவே இல்லை.

பெரியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "செவுரு தாகமா இருக்கு கண்ணு. மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி செவுத்துக்கும் காட்டணும். குடிச்சு முடிச்சப்புறம்தான் சோறு வைக்கணும்" என்றார்.

அதன்படி செய்தது இது. தென்னந்துடைப்பத்தால் சுவரை அழுத்திப் பெருக்கித் தூசியை எடுத்தோம். கல் இடுக்குகளைக் கொஞ்சம் கீறி ஆழமாக்கினோம். முந்தின நாள் மாலை ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை தண்ணீர் தெளித்தோம். தெளித்த தண்ணீர் சட்டென்று உள்ளே போய்விட்டால் இன்னும் தாகம். பளபளப்பு மறைந்து சுவர் கருத்து ஈரமாக நின்றால் பதம். வழிந்து ஓடினால் அதிகம். அந்தப் பதத்தில் களியைத் தயிர் போலக் கரைத்து ஒரு கை தடவி, அது காயும் முன் முதல் பூச்சை அழுத்திப் பூசினோம். அதே சுவர்தான். இன்று வரை விழவில்லை.

மூங்கில் தட்டிச் சுவரில் இந்தப் பாடு குறைவு, மண் இடுக்கில் நுழைந்து தானே பிடித்துக்கொள்ளும். வழவழவென்று இருக்கும் சுட்ட செங்கல், சிமெண்ட் கல் சுவரில் பாடு அதிகம். மரச் சட்டமும் மண் சுவரும் சேரும் இடத்தில் களிக் கரைசலில் நனைத்த கோணிச் சாக்கைப் பட்டையாக ஒட்டி அதன்மேல் பூசுங்கள், இல்லாவிட்டால் மரம் அசைவதற்கு ஏற்ப நேர்கோடாக விரிசல் வரும்.

எத்தனை பூச்சு? எவ்வளவு கனம்?

மூன்று. முதல் பூச்சு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, கையாலேயே அழுத்திப் போடுவது. மேலே விரலால் குறுக்கும் நெடுக்கும் கீறி விட்டுவிட வேண்டும், அடுத்த பூச்சுக்கு அதுதான் பிடி. இரண்டாவது அரை சென்டிமீட்டர் கனத்தில், மட்டக்கோல் வைத்துச் சமன் செய்வது. கடைசியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர், மெல்லிய சல்லடையில் சலித்த மண்ணும் மணலும். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு, மறுபடி தண்ணீர் காட்டிவிட்டு அடுத்தது.

கடைசிப் பூச்சு பாதி காய்ந்து, விரல் வைத்தால் பதியாமல் குளிர்ச்சி மட்டும் தெரிகிற நேரம் ஒன்று வரும். அப்போது கூழாங்கல்லால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் ஒரு மங்கலான பளபளப்பு எழும். ஒரு சுவருக்கு அரை நாள் பிடித்தது. சாயங்கால வெளிச்சம் அதில் விழும்போது அந்த அரை நாளை நான் நினைத்துக்கொள்வேன்.

காயும்போது விரிசல் விட்டால்?

முதல் பூச்சில் மயிரிழை விரிசலைக் கண்டுகொள்ள வேண்டாம், அடுத்த பூச்சு மூடிவிடும். காசு கனத்துக்கு வாய் திறந்தால் கலவையில் மணலைக் கூட்டுங்கள். வெயிலும் காற்றும் ஒரே பக்கம் அடித்து வேகமாகக் காய்ந்தாலும் வெடிக்கும், அந்தப் பக்கம் ஈரச் சாக்கு கட்டுங்கள்.

எந்த மாதம் பூசலாம்?

தை பிறந்து பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், அறுவடை முடிந்து புது வைக்கோல் கிடைக்கும், வெயிலும் இன்னும் கொளுத்தியிருக்காது. மழைக்காலத்தில் உள்சுவர் பூசினால் காய வாரக்கணக்கில் ஆகும், கருப்பாகப் பூஞ்சை புள்ளி விடும். விட்டால் பயப்பட வேண்டாம். சன்னலைத் திறந்து வைத்து, காய்ந்ததும் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள்.

மழை வந்தால் கரைந்துவிடாதா?

நேராக அடிக்கிற மழையில் கரையும். அதனால்தான் பழைய வீடுகளில் மழையைச் சுவருக்கே விடாமல் கட்டினார்கள். கூரையை இரண்டு மூன்று அடி வெளியே இழுத்துத் தாழ்வாரமாக இறக்கினார்கள். சுவரை ஒன்றரை, இரண்டு அடி உயரக் கல் பீடத்தின்மேல் எழுப்பினார்கள். கூரை நீர் தரையில் விழுந்து தெறிக்கும்போது அந்தத் தெறிப்பு படுவது கல்லில்தான். திண்ணையும் அந்த வேலையைச் செய்தது. உட்காரவும் வழிப்போக்கர் படுக்கவும் கட்டியது என்று நினைக்கிறோம். அது சுவரின் அடியை மழையிலிருந்து எட்ட வைத்தது என்பதை எங்கள் வீட்டில் திண்ணை இருக்கும் பக்கத்தையும் இல்லாத பக்கத்தையும் ஒரு மழைக்காலம் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் பகுதிகளில் வடக்கு, கிழக்குச் சுவர்கள்தான் அதிகம் வாங்கும்.

இவ்வளவு செய்தும் வெளிப்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேய்வதற்காகவே போடும் பூச்சு அது, உள்ளே இருக்கும் சுவரைத் தேயவிடாமல் காக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டின் ஜென்னே நகரத்து மண் மசூதியைப் பாருங்கள். இப்போதுள்ள கட்டடம் 1907-ல் எழுந்தது. 1988-ல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வருடத்துக்கு ஒரு முறை ஊரே கூடி அந்த மசூதிக்குப் புதுப் பூச்சுப் பூசுகிறது. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகள் அழகுக்கும் ஆச்சு, ஏறி நின்று பூசச் சாரத்துக்கும் ஆச்சு. நம் ஊரிலும் பொங்கலுக்கு முன்னால் சுவரில் பள்ளம் அடைத்து, மெழுகி, வெள்ளை அடித்த பழக்கம் இதே வேலைதான்.

தொல்லையே வேண்டாம், மண் சுவர்மேல் சிமெண்ட் பூசிவிட்டால்?

தயவுசெய்து வேண்டாம். மண் சுவர் தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை வாங்கும், காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. அதில் எப்படியும் ஒரு மயிரிழை விரிசல் வரும், மழைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. உள்ளே சுவர் சேறாகிக்கொண்டிருக்கும்போது வெளியே பார்த்தால் கெட்டியாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஞ்சோஸ் தெ தாவோஸ் என்ற ஊரில் 200 வருடப் பழமையான மண் தேவாலயம் ஒன்று இருக்கிறது. வருடாவருடம் மண் பூசும் வேலை மிச்சமாகும் என்று 1967-ல் அதற்குச் சிமெண்ட் பூசினார்கள். ஈரம் உள்ளே சிக்கி மண் கற்கள் கெட்டுப்போயின. 1979-ல் சிமெண்டை உடைத்தெடுத்துவிட்டு மறுபடி மண்ணே பூசினார்கள். இன்றும் ஊர் மக்கள் கூடித்தான் பூசுகிறார்கள்.

ஆரோவில் பக்கம் மண் வீடுகளில் பூச்சே காணோமே?

நீங்கள் பார்த்தது அழுத்து மண் கல்லாக இருக்கும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் பரப்பிய முறை அது. மண்ணில் சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் சேர்த்து எந்திரத்தில் அழுத்தி வார்ப்பார்கள். அந்தக் கல் மழையைத் தாங்கும், பூச்சுத் தேவைப்படாது. பச்சைச் செங்கல்லுக்கு அந்தப் பலம் கிடையாது.

மேலே சுண்ணாம்பு பூசலாமா?

தாராளமாக. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது, ஆனாலும் ஈரத்தை வெளியே விடும். மழை படும் சுவருக்குச் சுண்ணாம்புக் காரையோ, நாலைந்து கை வெள்ளையோ நல்ல காவல். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்கும் நம் பழைய முறை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் மண் கலவைக்குள்ளேயே ஒரு கை சுண்ணாம்பு அள்ளிப் போடும் வேலை மட்டும் வேண்டாம், களியின் பிசுபிசுப்பு போய்ப் பூச்சு பலவீனமாகலாம். சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

குளியலறை, சமையலறை?

தண்ணீர் தெறிக்கும் உயரம் வரை ஓடு, கல், அல்லது சுண்ணாம்பு மெருகுப் பூச்சு. அதற்கு மேலே மண் இருக்கலாம். ஆவியைக் களி வாங்கி மெதுவாக விடுவதால் குளித்த பிறகு சுவர் வியர்த்து வழியாது.

கரையான் வராதா?

கரையான் மண்ணைச் சாப்பிடாது, வைக்கோலையும் மரத்தையும்தான் தேடி வரும். பெரும்பாலும் தரையிலிருந்துதான் ஏறும். கல் பீடம் இருந்தால் அதன்மேல் மண் குழாய் மாதிரி அது கட்டும் பாதை கண்ணில் படும். வாரம் ஒரு தடவை வீட்டைச் சுற்றி நடந்து, கண்டால் உடைத்துவிட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரோரம் விறகு அடுக்காதீர்கள்.

சாய்ந்தால் சட்டையில் மண் ஒட்டுகிறது. என்ன செய்வது?

லேசாக ஒட்டினால் வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து ஒரு கை பூசுங்கள், நின்றுவிடும். கெட்டியாகப் பூசினால் பூச்சி வரும், மழைக்காலத்தில் பூஞ்சையும் வரும். உதிர்வது நிற்கவே இல்லை என்றால் கலவையில் களி போதவில்லை, மேலே களி கூடிய மெல்லிய பூச்சு ஒன்று தேவை.

பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கலாமா?

வேண்டாம். சிமெண்டுக்குச் சொன்ன காரணம்தான். காவி மண்ணோ வெள்ளைக் களியோ கரைத்த மண் வண்ணம், அல்லது சுண்ணாம்பு அடியுங்கள்.

ஒயரிங் எப்போது?

முதல் பூச்சுக்கு முன்னால். குழாயைச் சுவரில் பதித்து, மேலே சிக்கன் மெஷ் என்கிற மெல்லிய கம்பி வலையை அடித்து, மண்ணால் அடைத்துவிட்டுப் பூச ஆரம்பியுங்கள்.

100 சதுர அடிக்கு எவ்வளவு சாமான் வேண்டும்?

மூன்று பூச்சும் சேர்த்து 2 சென்டிமீட்டர் என்று வைத்தால், சுவரில் நிற்பது சுமார் 6½ கன அடி. மண், மணல் எல்லாம் உதிரியாக அளக்கும்போது 9 முதல் 10 கன அடி தேவைப்படும். சுவர் மேடுபள்ளமாக இருந்தால் இன்னும் கூடும்.

நாமே பூச முடியுமா?

முடியும். முதல் பூச்சுக்குக் கை மட்டும் போதும், எங்கள் வீட்டில் எட்டு வயதுப் பையனும் பூசினான். இரண்டாவது பூச்சில் மட்டம் பிடிக்க ஒரு கொத்தனாரை வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டே பூசிப் பழகியவர் என்றால் முதல் நாள் கலவையைத் தண்ணியாகக் கேட்பார், சுவரை நனைக்க யோசிப்பார். சண்டை போடாதீர்கள், உங்கள் சோதனைச் சதுரங்களைக் காட்டுங்கள். எங்கள் கொத்தனார் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரி சார், மண்ணு சொல்ற மாதிரியே போவோம்" என்று சட்டையைக் கழற்றினார்.

பிள்ளைகள் சைக்கிளை இடித்துப் பெயர்த்துவிட்டால்?

உடைந்த ஓரத்தைச் சாய்வாகச் சுரண்டி, தூசி தட்டி, தண்ணீர் காட்டி, அதே மண்ணைக் குழைத்து அப்புங்கள். ஓரங்களை ஈரத் துணியால் தேய்த்தால் பழையதும் புதியதும் ஒன்றாகக் குழைந்து ஒட்டுப் போட்ட தடமே தெரியாது. இதற்காகவே கடைசிப் பூச்சின் சலித்த மண்ணையும் மணலையும் அதே விகிதத்தில் கலந்து, காய்ந்தபடியே ஒரு மூட்டை கட்டிப் பரணில் போட்டு வையுங்கள். மூட்டைமேல் எந்த அறை என்று எழுதிவிடுங்கள். எங்கள் மூட்டையில் "கூடம், 1-க்கு 2" என்று இருக்கிறது. இதுவரை மூன்று தடவை பிரித்திருக்கிறோம்.